மேல் பாதிக்கு நான்கு செல்கள்

2009 நவம்பர் 3
மூன்றாவது தடவையும் எல்லாம் செத்துப்போயின. கடல் முள்ளெலியின் கரு பதினாறு செல்லாகும்வரை ஒழுங்காகப் பிரிகிறது. மறுநாள் காலை கலங்கிக் கிடக்கிறது. வழிகாட்டி நேசபாய் மேடம், "கிறிஸ்மஸ் லீவு வரைக்கும் பாரு ஷிஜி. இல்லேன்னா ஆராய்ச்சித் தலைப்ப மாத்திரலாம்" என்றார். இதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

நவம்பர் 5
ஷார்ஜாவிலிருந்து ஜிபின் அண்ணன் போன். அங்கே பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர் வேலையாம். வருடக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். யோசிக்கிறேன் என்றேன். உண்மையிலேயே யோசிக்கிறேனே — அதுதான் பயம்.

நவம்பர் 12
கடியப்பட்டணத்தில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் லிஜோ என்னோடு படித்தவன். பாறையிடுக்கில் முள் பந்தாக ஒட்டிக் கிடக்கும் முள்ளெலியை எனக்குக் கொண்டுவருவதும் அவன்தான். கரு சாகிற கதையைச் சொன்னேன்.
"ஏட்டி, தண்ணி எங்க எடுக்குத?"
"படகுத் துறையிலதான்."
"அங்க வள்ளத்து டீசல் கெடக்குமே! அதுல எது பிழைக்கும்? பாறைக்கு அப்பால இருந்து நான் எடுத்துத் தாறேன்."
வடிகட்டினால் போதும் என்று நினைத்தேனே! படித்தவளாம்.

நவம்பர் 15
உயிரோடு நீந்துகின்றன.

டிசம்பர் 8
கருவின் அடியில் நான்கு சின்னஞ்சிறு செல்கள். அவை பிற்பாடு உள்ளே சுண்ணாம்புச் சட்டகத்தைக் கட்டும். ஆனால் அதற்கு முன்பே பக்கத்துச் செல்களுக்கு ஏதோ செய்தி அனுப்புகின்றன. செய்தி சேர்ந்ததும் ஒரு மரபணு விழித்து அடுத்ததை எழுப்ப, அந்தச் செல்கள் குடலாகின்றன. மேல் பாதியை மட்டும் வெட்டி வைத்தால் வெறும் பந்தாகத்தான் நீந்தும். அந்த நான்கையும் அதோடு ஒட்டினால்? வெளிநாட்டில் செய்திருக்கிறார்கள். எங்கள் கடல் முள்ளெலியில் நடக்குமா?
கண்ணாடி ஊசியால், மூச்சை அடக்கி, முப்பத்திரண்டு ஒட்டினேன்.

டிசம்பர் 9
பதினொன்றுதான் மிச்சம்.

டிசம்பர் 10
ஏழில் குடல்! மங்கலான சின்னக் குழாய், உள்ளே வளைந்து போகிறது. ஒட்டாமல் விட்ட பாதிகள் எல்லாம் வெறும் பந்துகள். மேடம் நுண்ணோக்கியிலிருந்து வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. "இன்னொருக்கா செய்து காட்டு மக்கா. அப்பதான் நம்புவேன்."
இதுவரை என்னை மக்கா என்று கூப்பிட்டதில்லை.

டிசம்பர் 22
மறுபடியும் செய்தேன். இந்தத் தடவை ஒன்பதில் குடல்.

டிசம்பர் 29
அண்ணன் போன். "விசாவுக்குப் பேப்பர் அனுப்பட்டா?"
"வேண்டாம் அண்ணா. அந்த நாலு செல்லும் என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியணும்."
"தெரிஞ்சா எனக்கும் சொல்லுட்டி" என்றான்.