விரதத்தில் ஓடியவர்

18 ஒக்ரோபர் 1992, ஞாயிறு

விளையாட்டுக் கழகச் செயலாளர் சீவரத்தினம் என் இலக்கத் துணியைக் கொண்டுவந்து தந்தான். “மாஸ்ரர், இடையிலை விழுந்தா அம்புலன்சுக்கு எண்ணெய் இல்லை, கண்டியளோ.” கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பத்துநாலு வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் விசிலோடு நின்றவன், ஒருநாளும் ஓடியதில்லை. ‘கடுதாசியிலை ஓடுற ஆள்’ என்று போன தையில் இவன் சொன்ன கோபத்தில்தான் மரதனுக்குப் பெயர் கொடுத்தேன். முடிக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

உடற்பயிற்சிப் புத்தகம் சொல்கிறது: கடைசி வாரம் சோறு, கிழங்கு நன்றாகச் சாப்பிடு. அறுபத்துநாலு வயதுக்காரனுக்கும் அது பொருந்துமா? எழுதவில்லை.

20 ஒக்ரோபர்

கலண்டரை இன்றுதான் பார்த்தேன். கந்தசஷ்டி 26இல் தொடங்குகிறது. ஓட்டம் 1ஆம் திகதி, விரதம் முடித்துப் பாரணை செய்யும் காலை. அந்தக் கடைசி வாரம் முழுவதும் பாலும் பழமும்.

இந்த வருடம் நான் விரதத்தை விடட்டுமா என்று மனைவி பாலேஸ்வரியிடம் கேட்கத்தான் குசினிக்குப் போனேன். நான் வாய் திறக்க முதல் அவள் சொன்னாள்: “குகநேசன் போனதுக்குப் பிறகு நாங்கள் ரெண்டு பேரும் ஒரு விரதமும் பிழைக்க விடேல்லை. என்னப்பா?”

“ஓம்” என்றேன்.

கொழும்புக்கென்று போன எங்கள் பிள்ளை. இரண்டு வருடமாக ஒரு தகவலும் இல்லை. நான் சோற்றைப் பற்றி எப்படிக் கதைப்பது?

26 ஒக்ரோபர், திங்கள்

முதல் நாள். பின்னேரம் பயிற்சிக்கென்று சுன்னாகம் வரை ஓடினேன். சந்தைக்குப் பின்னால் சந்தியோகு வாடகைக்கு இருக்கிறான். எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவன், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவன். அவன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் மனைவி பெர்னடெட், “மாஸ்ரர், முகம் கறுத்துப்போச்சு, இருங்கோ” என்று சோறு போட்டாள். வேண்டாம் என்றேன். ஒரு தரம்தான் சொன்னேன்.

27 ஒக்ரோபர்

இன்றும் போனேன். சோறு, பருப்பு, அவித்த வத்தாளங்கிழங்கு.

29 ஒக்ரோபர்

சந்தியோகு பகிடி விடுகிறான்: “பயப்பிடாதேங்கோ மாஸ்ரர். இந்தப் படலைக்கு இஞ்சாலை அந்தோனியாற்றை எல்லை. முருகன் வரமாட்டார்.” பெர்னடெட் அவனை அதட்டினாள். எனக்கென்று புதுச் சட்டி வைத்திருக்கிறாள், மீன் படாதது.

வீட்டில் பாலேஸ்வரி என்னை உற்றுப் பார்த்தாள். “முகம் தெளிஞ்சிருக்கு. விரதத்தின்ரை வலு.” அவளுடைய கண்கள் குழி விழுந்திருந்தன. சே, என்ன மனிசன் நான்.

31 ஒக்ரோபர், சனி

அவள் இன்று தண்ணீர்கூடத் தொடவில்லை. நான் சந்தியோகு வீட்டில் இரண்டாம் தரமும் சோறு வாங்கினேன். திரும்பி வந்து கிணற்றடியில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

1 நவம்பர், ஞாயிறு

முடித்தேன். இருபத்தாறு மைல். கடைசிக்கு முந்தியவன், ஆனாலும் நடக்கவில்லை. திருநெல்வேலிச் சந்திக்குப் பிறகு கால் தன்பாட்டில் போனது. கயிற்றைத் தாண்டியபோது — எவ்வளவு சந்தோசம் — ஒரு நிமிடம்தான்.

அம்புலன்சுக்கு இல்லாத எண்ணெய் ஒலிபெருக்கிக்கு இருந்தது. “ஆறு நாள் அன்னம் தொடாமல் விரதமிருந்து ஓடிய எங்கடை மாஸ்ரர்!” என்று சீவரத்தினம் கத்தினான். கோயிற் சேலையோடு பாலேஸ்வரி அவன் பக்கத்தில் நின்றாள். சனம் கைதட்டியது. ஐயர் மாலை போட்டார். சந்தியோகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம்; சொல்ல வாயும் திறந்தேன். மூச்சு வாங்குவதாக எல்லோரும் நினைத்தார்கள். விட்டுவிட்டேன்.

2 நவம்பர்

அவள் பாரணை செய்யவில்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை.

“இந்த வயசிலை, வெறும் வயித்தோடை, உங்களைக் கொண்டந்து சேர்த்த முருகன் எங்கடை பிள்ளையைக் கொண்டந்து சேர்க்க மாட்டாரே? அவன் வருமட்டும் எனக்கு ஒருநேரப் பாலும் பழமும் காணும்.”

“பாலேஸ்...”

“என்னப்பா?”

“ஒண்டுமில்லை.”

9 நவம்பர்

சொல்லவில்லை.

22 நவம்பர், ஞாயிறு

அவளுடைய சட்டை தோளில் நிற்குதில்லை. பால்மா தட்டுப்பாடு, பால் கிடையாத நாளில் பழம் மட்டும். முன்வீட்டு இராசாத்தியும் இதே விரதத்தைத் தொடங்கிவிட்டாளாம், காணாமற்போன தன் மகளுக்காக. என்னைக் கண்டதும் படலையில் நின்று கும்பிட்டாள்.

மத்தியானம் பாலேஸ்வரி சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து எனக்குச் சோறு கொண்டுவந்தாள். “ஓடுற மனிசன், வடிவாச் சாப்பிடுங்கோ” என்றாள்.

சாப்பிட்டேன்.