பாதிப் பழி

மார்ச் 3

அத்தானுக்கு,

உங்கள் ஆணையத்தின் பழைய கட்டடத்தைக் காலி செய்தபோது கழித்துப்போட்ட காகிதத்தை எல்லாம் நான் ஏலத்தில் எடுத்துவிட்டேன். நான்கு லாரி நிறைய வந்து இறங்கியிருக்கிறது. இருபத்திரண்டு வருடம் கழித்து உங்களுக்கு எழுதுகிறேன் என்றால் அதற்கு இதுதான் காரணம்.

அக்கா போனில் சொன்னாள். சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு ஐம்பது வயது நிறைகிறதாம், அதன் வரலாற்றை எழுதுவது நீங்களாம், மேடையும் கேடயமும் உண்டாம். ஓய்வு பெற்ற தலைமைப் பரிசோதகருக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஒரு சந்தேகம் மட்டும். அந்தச் சரக்கு விமானம் தரையிறங்கும்போது சக்கரம் கழன்று ஓடியதே, அது எத்தனையாவது அத்தியாயத்தில் வருகிறது? அதில் என் தம்பிக்கு எத்தனை வரி ஒதுக்கியிருக்கிறீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் மச்சான், காகிதக்கடைக்காரன்


மார்ச் 10

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உன் அக்கா உறையைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான்தான் பிரித்தேன். பிரித்த பிறகு அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

புத்தகம் நன்றாக வருகிறது. தபால் நிலைய மாடியில் மூன்று பேரும் ஒரு தட்டச்சு இயந்திரமுமாகத் தொடங்கிய அலுவலகம் இது. நாடு முழுக்க ஒன்பதே விமானங்கள். எது பறக்கலாம், யார் ஓட்டலாம், யார் பழுது பார்க்கலாம் என்று சொல்ல அதற்கு முன் ஆளே கிடையாது; ராணுவ அதிகாரி தலையை ஆட்டினால் விமானம் கிளம்பும். அந்த ஒன்பதையும் எழுதிவைத்த முதல் பதிவேடு எங்கே போனதென்று தெரியவில்லை. உன் லாரியில் வந்திருந்தால் தயவுசெய்து காகிதக் கூழாகக் கரைத்துவிடாதே, அது தேசத்தின் சொத்து.

நீ கேட்டது நான்காம் அத்தியாயத்தில் ஒரு பத்தி. ‘பராமரிப்பாளரின் கவனக்குறைவால்’ என்று தீர்ப்பில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன். பெயர் போடவில்லை. என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். முடிந்துபோன விஷயத்தைக் கிளறாதே, மச்சான்.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 16

அத்தானுக்கு,

பதிவேடு கிடைத்தது. பச்சை அட்டை, ஓரம் மட்டும் கரையான் தின்றிருக்கிறது. பத்திரமாக இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன். தேசத்தின் சொத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

இன்னொன்றும் கிடைத்தது. அதைத் தேசம் தேடவில்லை.

உங்கள் பழைய மேஜை இழுப்பறையோடு வந்த சீட்டுப் புத்தகம் அது. சக்கரத்தைப் பூட்டியவன் ஒரு கையெழுத்து, பரிசோதகர் நேரில் பார்த்துவிட்டு இரண்டாவது கையெழுத்து என்று இரண்டு கோடு போட்ட சீட்டு. மொத்தம் ஐம்பதில் முப்பத்தெட்டு கிழிக்கப்பட்டிருக்கிறது. மீதிப் பன்னிரண்டிலும் தேதி இல்லை, விமான எண் இல்லை, பூட்டியவன் கையெழுத்து இல்லை. உங்கள் கையெழுத்து மட்டும் பன்னிரண்டிலும் அழகாக இருக்கிறது. தம்பி வழக்கில் நீங்கள் ஆதாரமாக வைத்த சீட்டின் எண் தீர்ப்பு நகலில் இருக்கிறது. இந்தப் பன்னிரண்டும் அதற்கு அடுத்த எண்ணில் தொடங்குகின்றன.

விசாரணையில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. “நான் பாக்கும்போது பின்னு இருந்தது. அப்புறம் அவன்தான் கழட்டியிருக்கணும்.” சக்கரத்து நட்டு சுழன்று வராமல் இருக்கக் குறுக்கே செருகும் அந்தப் பின்னை நீங்கள் பார்க்கவே இல்லை. விமானத்தை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹேங்கருக்குள்ளேயே நீங்கள் போகவில்லை. பரிசோதித்ததும் உங்கள் அலுவலகம், விசாரித்ததும் உங்கள் அலுவலகம், எனவே தீர்ப்பும் உங்களுக்கு வசதியாகவே வந்தது.

துணை விமானிக்கு ஒரு கால் போனது. தம்பிக்கு ஆயுளுக்கும் உரிமம் போனது. இப்போது தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறான். ஒவ்வொரு நட்டையும் இறுக்கிவிட்டு, அது நகர்ந்தால் தெரியட்டும் என்று மேலே குறுக்காகச் சிவப்பு மையால் ஒரு கோடு இழுக்கிறான். விமானத்துக்குச் செய்வதை வாளித் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குச் செய்கிறான் என்று தெருவே சிரிக்கிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் விழா முதல் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவையுங்கள். வெறுங்கையோடு வரமாட்டேன்.

உங்கள் மச்சான்


மார்ச் 22

மச்சான்,

அந்தப் புத்தகத்தைப் பற்றி வேறு யாரிடமாவது சொன்னாயா? சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அப்போது நாடு முழுக்கப் பரிசோதகர்கள் நான்கு பேர், விமானமோ எழுபதுக்கு மேல். நான் ஒரு ஓடுதளத்தில் நின்றால் இன்னொன்றில் மூன்று விமானம் என் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கும். சரக்கு அழுகுகிறது என்று மேலே இருந்து திட்டு விழும். வெள்ளிக்கிழமை ஒரு புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டுப் போவேன். நால்வருமே அப்படித்தான் செய்தோம். ஐந்து வருடம் ஒன்றும் ஆகவில்லை. விபத்து நடந்த அன்று அந்தப் புத்தகத்தை மேற்பார்வையாளரிடமிருந்து திரும்ப வாங்கி என் இழுப்பறையில் போட்டதோடு சரி.

விசாரணையில் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான்தான் உள்ளே போயிருப்பேன். உன் அக்காவும் இரண்டு குழந்தைகளும் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். அவளுக்கு இப்போது இரத்த அழுத்தம் இருப்பது உனக்குத் தெரியும். அவள் முகத்துக்காகவாவது விட்டுவிடு. உன் தம்பிக்கு உரிமம் திரும்பக் கிடைக்க என்னாலானதைச் செய்கிறேன். யாருக்கும் சத்தம் போகாமல் செய்யலாம்.

அத்தான்


ஏப்ரல் 2

அத்தானுக்கு,

அக்காவைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். மேடையில்தான் வேறு கேடயம் தரப்போகிறார்களே.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கமாட்டேன். கடையில் ஏழு சாக்கை நானே தூக்கி வைத்தேன். இருபத்திரண்டு வருடமாக இந்த மாதிரி ஒரு கடிதத்தைத்தான் மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு சீட்டையும் நகல் எடுத்து விழா மண்டபத்தில் ஒவ்வொரு நாற்காலியிலும் வைப்பதாக இருந்தேன். அச்சகத்தில்கூடச் சொல்லிவிட்டேன்.

அதற்கு முன் தம்பியிடம் காட்டினேன். மோட்டாரைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினான். நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை.

“அண்ணே, நான் கழட்டலை. அது சத்தியம். ஆனா போட்டேனான்னு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் இல்லை. போட்டிருக்க மாட்டேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாங்க, போயிட்டேன்.”

புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டி, “மறந்ததைப் பிடிக்கத்தானே ரெண்டாவது ஆளு. அவரு வந்திருந்தா அங்கேயே பிடிச்சிருப்பாரு. அந்தத் துணை விமானிக்குக் கால் இருந்திருக்கும்” என்றான்.

எனக்கு அவன்மேல்தான் எரிச்சல் வந்தது. முழுக் கணக்கையும் தீர்க்கப் போனவனைப் பாதியில் நிறுத்திவிட்டான். நாற்காலி யோசனையைச் சொன்னேன். வேண்டாம் என்றான். “நீ வச்சா அண்ணன் பழிவாங்கினான்னு பேசுவாங்க. அத்தானே எழுதட்டும். அவரோட பாதியை அவரு எடுத்துக்கட்டும், என்னோட பாதி என்கிட்ட இருக்கட்டும்.”

எனவே இரக்கப்பட்டு இறங்கி வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் விலை இன்னமும் முழு விலைதான். பொருள் அவனுடையது, அவன் பாதிக்குக் கொடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாருங்கள், நேரில் பேசி முடிப்போம்.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 9

அத்தானுக்கு,

ஞாயிறு அன்று சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசியதை எழுத்தில் வைக்கிறேன். வாய்ப்பேச்சில் நான் சரக்கு எடுப்பதில்லை, உங்கள் விஷயத்தில் நிச்சயமாக இல்லை.

கேடயம் வாங்கிய பிறகு எழுதுகிறேன் என்று மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் முடியாது என்றேன். அப்போது உங்கள் முகம் போன போக்கை நான் சாகும்வரை வைத்துக்கொள்வேன். அதற்கு உங்களிடம் தனியாக ஒன்றும் வாங்கவில்லை.

பேசி முடித்தது இது. நான்காம் அத்தியாயத்தில் அந்தப் பத்தியை நீக்கிவிட்டு, வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டதையும் பார்க்காத பின்னைப் பார்த்ததாகச் சொன்னதையும் ‘நான்’ என்று உங்கள் பெயரிலேயே எழுதுவீர்கள். பின்னைச் செருக மறந்தது தம்பி என்பதும் அதே பக்கத்தில் இருக்கும், அவன் கேட்டபடி. அச்சுக்குப் போகும் முன் வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொல்லி ஆணையத்துக்கு உங்கள் கைப்பட மனுக் கொடுப்பீர்கள். சீட்டுப் புத்தகத்தை அன்று நானே கொண்டுவந்து அவர்கள் கையில் கொடுப்பேன், உங்கள் கையில் அல்ல. துணை விமானியின் வீட்டுக்கு நீங்களும் தம்பியும் சேர்ந்து போவீர்கள், பேச்சை நீங்கள்தான் தொடங்குவீர்கள். அக்காவிடம் நீங்களே சொல்வீர்கள், இந்த வாரத்துக்குள். இதற்கு என் பக்கத்திலிருந்து: மண்டபத்து நாற்காலிகளில் சீட்டு நகல் எதுவும் இருக்காது, பத்திரிகைக்காரன் எவனும் என்னிடமிருந்து ஒரு வார்த்தை கேட்கமாட்டான், பழி இருவருக்கும் ஆளுக்குப் பாதி.