போன் டாக்டரும் உன் அம்மாவும்

முதலியார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் செந்தமிழ்ச்செல்விக்கு,

அப்பா கன்னியப்பன் எழுதுவது. எழுத்து மேலும் கீழும் போகும், பொறுத்துக்கொள். எழுதப் படிக்கக் கற்கும் முதியோர் வகுப்பில் சுமலதா டீச்சர் கோடு போட்ட தாள்தான் தந்தார். என் எழுத்து கோட்டுக்குள் அடங்க மறுக்கிறது. உன் பெயரை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. இத்தனை நீளமாகப் பெயர் வைத்தவன் நானேதான், யாரைத் திட்டுவது? நானே எழுதி, நானே படித்துப் பார்த்து, தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்பாய். போன் எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். இது அவள் காதில் விழக்கூடாத சேதி.

நீ ஏற்பாடு செய்த போன் டாக்டர் தங்கமான பெண். பொறுமையாகக் கேட்டார். புனேயிலிருந்து நீயும் அதே திரையில் ஓரமாக இருந்தாய். ஆனால் அதற்கு முன்னால் உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? போட்டோ ஸ்டுடியோவுக்குப் போகிறவள் போல முகமெல்லாம் பவுடர் பூசி, வெற்றிலை போட்டு உதட்டைச் சிவக்க வைத்துக்கொண்டாள். "இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்றேன். "பொண்ணு பாக்குறா, சும்மா இரு" என்றாள். வெளுத்த முகம் போனில் எப்படித் தெரியும்? மூச்சு வாங்குகிறதா என்று டாக்டர் கேட்டதற்கும் "ஒண்ணுமில்லீங்க" என்றாள். துணி காயப்போட மாடிக்குப் போனால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறாள்.

அதனால் எனக்கு முட்டி வலி, துணைக்கு வா என்று பொய் சொல்லி அரிகிருஷ்ணன் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கிளினிக் வாசல் பெஞ்சு ஞாபகம் இருக்கிறதா? மில் சங்கு ஊதியதும் தலையில் பஞ்சு ஒட்டியபடியே வந்து நிரம்புவோம். உன்னைக் காய்ச்சலோடு சைக்கிளில் கொண்டுபோனால், "கொழந்தைய மொதல்ல காட்டுப்பா" என்று முன்னால் இருப்பவன் வழிவிடுவான். யாருக்கு என்ன நோய் என்று பெஞ்சுக்கே தெரியும். நெஞ்சில் வைத்துப் பார்க்கும் டாக்டரின் குழாயை நீ பிடித்துக்கொண்டு விடமாட்டாய். இப்போது பெஞ்சில் நாங்கள் இருவர்தான். மற்றவர்கள் போனில் காட்டிக்கொள்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை.

டாக்டர் என் முட்டியைத் தொடவே இல்லை. "நீ கம்முனு இருப்பா" என்று என்னை அடக்கிவிட்டு அம்மாவை உட்காரவைத்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது. ரத்தம் ரொம்பக் குறைவு, இதயத்தையும் பார்க்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியில் சேருங்கள், இந்த மாதம் தாண்டக்கூடாது என்றார்.

அவள் வரமாட்டேன் என்கிறாள். போன் டாக்டரே போதுமாம். கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். நேற்று மீன் அரிந்துகொண்டே சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்குப் போனா செல்வியா வரப்போறா? போன்ல காட்டுனாதான் அவளும் கூட ஒக்காந்திருக்கா." அதனால்தான் இன்று தாளை எடுத்தேன்.

உன் வேலையும் லீவும் எப்படி என்று எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கே உனக்கு வர முடியவில்லை. நீ வரும் நாளைக் குறித்து அவளிடம் ஒரு வார்த்தை சொல், போதும். அன்று எனக்கு முன்னால் அவள் புறப்பட்டு நிற்பாள்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அடுத்த வாரமும் எழுத உட்காருவேன். அதற்குள் நீ வந்துவிட்டால் எழுத வேலை இருக்காது. எனக்கு அதுதான் சந்தோஷம்.

உன் அப்பா,
கன்னியப்பன்