தோலுக்கு அடியில் இருந்த பெயர்

ஏப்ரல் 12, 1926. திங்கள்.

மழை இல்லை. காற்று. பன்றி ஐந்து குட்டி போட்டது.

இவ்வளவு எழுதுவதற்குள் ஒரு பைப் புகையிலை தீர்ந்துவிட்டது. எழுபத்து நாலு வயதில் எனக்கு எழுத வருகிறது. என் பெரிய துப்பாக்கி பதினாறு பவுண்டு. பென்சில் அதைவிடக் கனம்.

ஏப்ரல் 13. செவ்வாய்.

நேற்று எழுதியதைப் படித்தேன். அப்படியே இருந்தது. குட்டிகளில் ஒன்று காலையில் செத்துவிட்டது. ஆனால் நோட்டில் ஐந்தும் உயிரோடு இருக்கின்றன. இது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 17. சனி.

பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு எனக்கு. முழங்கால் மேசைக்கு மேலே நிற்கிறது. டீச்சரம்மா, மிஸ் அடா, என் பேத்தி வயது. “மிஸ்டர் நாஷ், உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணைப் பத்தி எழுதுங்க” என்றார். எழுதுகிறேன்.

என் துப்பாக்கி. ஷார்ப்ஸ் கம்பெனி செய்தது. ஐம்பது நம்பர் குண்டு. 1874 குளிர்காலத்தில் வெர்ஜில் டோட் என்பவனும் நானும் கூட்டாளிகள். டாட்ஜ் சிட்டியில் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு வாங்கினோம். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் கிடையாது. காட்டெருமைக் கூட்டம் ஓடாமல் நின்றுவிட்டால், குறுக்குக் குச்சிகளில் குழலைச் சாய்த்துச் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குழல் சூடேறினால் குண்டு தாறுமாறாகப் போகும். அதனால் ஒன்றால் சுட்டு, மற்றதை ஆறவிடுவோம். உள்ளே தண்ணீர் ஊற்றுவோம். தண்ணீர் தீர்ந்தால் வேறு வழி உண்டு. டீச்சரம்மா படிப்பார் என்பதால் அதை எழுதவில்லை.

துப்பாக்கி மாறிப் போகாமல் இருக்க, எங்களுக்குத் தோல் உரித்த நில்ஸ் என்பவன், இரண்டு துப்பாக்கிகளின் மரக்கட்டையிலும் எங்கள் பெயரைச் செதுக்கினான். முகாமில் எழுதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

கை வலிக்கிறது.

ஏப்ரல் 18. ஞாயிறு.

நேற்றைய மிச்சம். ஒருநாள் காலையில் வெர்ஜிலுக்கும் எனக்கும் சண்டை. கூட்டத்துக்கு முன்னால் போன பெரிய எருமையைச் சுட்டது யார் என்று. நான்தான். அவன் தான்தான் என்றான். வண்டிச் சக்கரத்தில் சாய்த்திருந்த துப்பாக்கிகளில் ஆளுக்கொன்றை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு பிரிந்தோம். அடுத்த வசந்தத்தில் என் கோவேறு கழுதை துப்பாக்கிமேல் உருண்டது. கட்டை பிளந்துவிட்டது. ஈரமான எருமைத்தோலைச் சுற்றித் தைத்தேன். காய்ந்து இரும்பாகிவிட்டது. பெயர் அதற்கு அடியில் போய்விட்டது. இருந்தால் என்ன, என் பெயர் எனக்குத் தெரியாதா.

நாலு குளிர்காலத்தில் எருமைகளை முடித்துவிட்டோம். அதைப் பற்றி எழுத இன்னும் நிறைய எழுத்து கற்க வேண்டும்.

பிறகு இரண்டு பேரும் இந்த ஊரிலேயே நிலம் பிடித்தோம். ஐம்பத்திரண்டு வருஷமாக, முதலில் போன இடமெல்லாம், பிறகு பெக் கடை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, என் துப்பாக்கிதான் துப்பாக்கி, வெர்ஜிலுடையது அடுப்புப் புகைக்குழாய் என்று சொல்லி வருகிறேன். முதலில் அவனும் பதிலுக்குக் கத்துவான். 1886 பெரும்பனிக்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சிரிப்பதோடு சரி. தோற்றவன் வேறு என்ன செய்வான்.

மே 3. திங்கள்.

மாவட்டக் கமிட்டி முடிவு செய்துவிட்டது. அந்தக் காலத்து எருமைத் துப்பாக்கியை ஊர் பார்க்க நீதிமன்றக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்கள். இடம் ஒரு துப்பாக்கிக்குத்தான். ஜூன் 5, முதல் குடியேறிகள் நாள் அன்று வெர்ஜிலும் நானும் சுட வேண்டும். ஜெயித்தவன் துப்பாக்கி பெயர் அட்டையோடு பெட்டிக்குள் போகும். நான் போன பிறகும் அங்கே நிற்கும். இதற்குத்தான் இத்தனை வருஷம் வாய் வலிக்கப் பேசினேன்.

டீச்சரம்மா சொன்னார்: “அந்தத் தோலை வெட்டி எடுத்துடுங்க. உங்க பேரை நீங்களே படிக்கலாமே.”

மே 8. சனி.

எடுத்தேன். கறிக்கத்தி இரண்டு முறை வழுக்கியது. தோல் பிரிந்தது. அடியில் எழுத்து, நேற்றுச் செதுக்கியது போலப் பளிச்சென்று. விரலை வைத்து ஒவ்வொன்றாக, சத்தமாகப் படித்தேன். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. யாரும் உதவவில்லை. பாடப்புத்தகத்துக்கும் இந்த நோட்டுக்கும் வெளியே நானே படித்த முதல் எழுத்து. எழுந்து நின்று திரும்பவும் படித்தேன். நாயிடம் படித்துக் காட்டினேன். மூன்றாம் தடவைதான் என்ன படிக்கிறேன் என்று உறைத்தது.

வெர்ஜில் டோட்.

மே 9. ஞாயிறு.

இன்று எதுவும் எழுதப்போவதில்லை.

மே 11. செவ்வாய்.

படுத்தபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் ஜெயித்தால் ஜெயித்தது வெர்ஜில் துப்பாக்கி. தோற்றால் ஜெயித்தது வெர்ஜில். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் தடியன்தான் நிற்கிறான். ஐம்பத்திரண்டு வருஷம் நான் வாய் கிழியப் புகழ்ந்தது அவன் பொருளை. அடுப்புப் புகைக்குழாய் என்றது— ஐயோ, அதுதான் என்னுடையது.

மே 13. வியாழன்.

அரம் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பத்து இழுப்பில் பெயர் போய்விடும். யாருக்குத் தெரியும்? வெர்ஜிலுக்கும் படிக்கத் தெரியாது.

அரத்தை முதல் எழுத்தில் வைத்தேன். அழிப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை என்று படித்தேன். அதுதான் தப்பு. இந்த எழுத்துக்கு வந்து சேர எனக்கு எழுபத்து நாலு வருஷம் ஆகியிருக்கிறது. வந்த ஐந்தாம் நாளே அரத்தால் ராவ முடியுமா? வேறு எதையாவது செதுக்கியிருக்கக் கூடாதா அந்த நில்ஸ்.

அரத்தைக் கொண்டுபோய்ப் பன்றித் தொட்டிக்குள் போட்டேன். பிறகு தேடி எடுத்தேன். நல்ல அரம்.

மே 22. சனி.

ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன். இன்று துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வெர்ஜில் வீட்டுக்குப் போனேன். அந்த வாசற்படியை நான் மிதித்ததே இல்லை. அவன் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான்.

“யாரைச் சுட வந்தே?” என்றான்.

“டேய் வெர்ஜில், இதுல உன் பேரு இருக்கு. நானே படிச்சேன்.”

அவன் பட்டாணியை விடவில்லை. “தெரியும்” என்றான்.

“என்ன தெரியும்?”

“பெரும்பனியில பத்து நாள் வெளிய போக முடியல. அப்ப ஹெஸ்டர் சும்மா இருக்காம சுவத்துல மாட்டியிருந்ததைத் தொடச்சா. ‘ஏங்க, இதுல கேலப் நாஷ்னு போட்டிருக்கே’ன்னா.”

“நாப்பது வருஷமா தெரிஞ்சு வாயே தொறக்கலையாடா நீ?”

“எதுக்குத் தொறக்கணும்? என் துப்பாக்கியை ஊரெல்லாம் நீ புகழ்ந்துட்டு வர்றே. காசு குடுத்தாலும் இப்படி ஒரு ஆளு கிடைப்பானா? உன்னுதை நீயே திட்டிக்கறே வேற. நான் எதுக்கு நடுவுல பேசணும்?”

உள்ளேயிருந்து அவன் மனைவி ஹெஸ்டர் சிரிக்கும் சத்தம் கேட்டது. “கடையிலேருந்து வந்ததும் நீங்க சொன்னதை அப்படியே என்கிட்ட ஒப்பிப்பாரு, கேலப். அதைக் கேட்டாத்தான் எங்களுக்குச் சோறே இறங்கும்” என்றாள்.

கம்பளியைப் பிரித்துத் துப்பாக்கியை அவன் மடியில் வைத்தேன். பட்டாணி சிந்தியது. அவன் வெகு நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே போய், பெயர் சுவர்ப் பக்கம் இருக்கும்படி மாட்டியிருந்த என்னுடையதை எடுத்து வந்தான்.

“செத்த எலியை வாங்கற மாதிரி மூஞ்சை வச்சுக்காத” என்றான். “நல்லா எண்ணெய் போட்டுத்தான் வச்சிருக்கேன்.”

ஹெஸ்டர் அடுப்பில் சுட்ட ஆப்பிள் பை வெட்டிக் கொடுத்தாள். இத்தனை வருஷம் இந்த வீட்டில் தின்னாமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து இன்று ஒரு துண்டு.

ஜூன் 5. சனி.

இருநூறு கஜம். கம்பத்தில் துணி துவைக்கும் தகரத் தொட்டி. ஆளுக்கு ஒரு குண்டு. மாற்றிக்கொண்ட விஷயத்தைக் கமிட்டி முன்னால் நானே சொன்னேன். கூட்டம் சிரித்து முடியும்வரை நடுவர் காத்திருந்தார்.

வெர்ஜில் முதலில். தொட்டிக்கு நடுவில் ஓட்டை. அந்தத் துப்பாக்கியின் உதை எப்படித் தோளில் இறங்கும் என்று எனக்குத் தெரியும். என் தோள் தானாகப் பின்னால் போயிற்று.

பிறகு நான். குண்டு தொட்டியில் படவில்லை. கம்பத்தில் பட்டது. கம்பம் முறிந்து தொட்டி விழுந்தது. விழுந்ததா இல்லையா என்று நடுவரைக் கேட்டேன். விழுந்தது, ஆனால் அது கணக்கில்லை என்றார்.

ஜூன் 10. வியாழன்.

பெட்டிக்கு அட்டை எழுத ஆள் வேண்டுமாம். டீச்சரம்மா என் பெயரைச் சொல்லிவிட்டார். நாலு அட்டை கெட்டது. ஐந்தாவது இது:

வெர்ஜில் டோட்டின் துப்பாக்கி. ஐம்பத்திரண்டு வருஷம் சுமந்தவன் கேலப் நாஷ்.

“இரண்டாவது வரி வேணுமா?” என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். “எழுதினது அவரு” என்றார் டீச்சரம்மா.

ஜூன் 13. ஞாயிறு.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். துப்பாக்கியை இல்லை. அட்டையை.

ஜூன் 22. செவ்வாய்.

பெக் கடைக்குப் போனேன். வழக்கமான ஆட்கள் இருந்தார்கள். வெர்ஜிலும். பெட்டிக்குள் இருப்பது பரவாயில்லை, ஆனால் என் வீட்டில் மாட்டியிருப்பதுதான் துப்பாக்கி, தொட்டியைக் கீழே தள்ளியது எது என்று கேட்டேன்.

“போன மாசம் வரைக்கும் அதை அடுப்புக்குழாய்னு சொன்னே” என்றார் பெக்.

“அப்ப அது வெர்ஜில் கையில இருந்துச்சு” என்றேன்.

நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக வெர்ஜில் சிரிக்கவில்லை.