காணிப்பாக்கம் வரை ஒரு ஸ்கூட்டி

பிப்ரவரி 2, 2025

கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சித்தூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்த மருமகள் ரூபா திரும்பிவிட்டாள். சொல்லவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் சொன்னாள். என் தம்பி பிரபாகர் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பேசினானாம்: “பெத்த புள்ள நான் உசுரோட கீறேன். பேரன் கையால கொள்ளி வெக்க வெச்சிட்டா எங்க அக்கா. அம்மா பூட்டாங்கன்னு ஒரு போன் பண்ணல.”

அம்மா போனது புரட்டாசியில். அன்று மூன்று தடவை போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. பொழுது சாயும்வரை பிணத்தை வைத்துக் காத்திருந்தேன். வேறு வழியில்லாமல்தான் என் மகன் சிரஞ்சீவி கொள்ளி வைத்தான். என்னுடைய பட்டன் போன் அதையெல்லாம் இன்றுவரை ஞாபகம் வைத்திருக்குமா?

பத்துப் பேர் நடுவில் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டான்.

சிரஞ்சீவியை விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டேன்: வியாழக்கிழமை காணிப்பாக்கம் வரட்டும். குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் நான் சத்தியம் பண்ணுகிறேன். அவனும் பண்ணட்டும். வராதவன் பொய்யன்.

பிப்ரவரி 3

வருகிறானாம்!

சிரஞ்சீவிக்குத்தான் முகமே சரியில்லை. “சத்தியம் பண்ணிக்கினா அப்பறம் அவங்க வூட்ல நீ கை நனைக்க முடியாது, நம்ம வூட்ல அவங்க நனைக்க முடியாது. தெரியும்தானே? நல்லது கெட்டது எதுக்கும் இல்ல. உனக்குன்னு இருக்கிறது ஒரே தம்பிம்மா.”

தெரியாமலா இருக்கும்? இந்த வழக்கம் அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது.

“இதுக்கு நான் வண்டி ஓட்ட மாட்டேன்” என்றான். ஓட்ட வேண்டாம். அறுபது வயதில் நானே ஸ்கூட்டி பழகினது, ஒருத்தரிடம் கெஞ்சக் கூடாது என்றுதான்.

பிப்ரவரி 4

பெட்ரோல் நிரப்பியாயிற்று. சாவியை ரூபா ஒளித்து வைத்தாள். அரிசி டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 5

புத்தூர் பக்கம், சென்னம்மா என்கிற அம்மாள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வழியில் ஒரு ராத்திரி தங்கிப் போகலாம் என்று விடியும்போதே நாகலாபுரத்தை விட்டுக் கிளம்பினேன். பிச்சாட்டூர் ஏரிமேல் பனி உட்கார்ந்திருந்தது. கரையோரம் புளிய மரங்கள், அதற்கப்பால் கரும்பு, அதற்கும் அப்பால் மலை. இந்த ரோட்டில் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஜன்னல் சீட்டு கிடைத்தால்கூட யாராவது ஒருத்தர் தோள்மேல் தூங்குவார்கள். இன்றைக்குத்தான் ரோடு முழுக்க எனக்கு மட்டும். ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி, சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். என்னத்துக்குக் கிளம்பினேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. அதற்காக என்மேலேயே கோபம் வந்தது.

நாராயணவனம் தாண்டி, வண்டிகள் மிதித்துப் போகட்டும் என்று கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். நாங்களும் பரப்புகிறவர்கள்தான். கார் போனால் நன்றாக மிதிபடும், ஸ்கூட்டி போனால் வழுக்கும். தெரிந்தும் ஒதுங்காமல் போனேன். விழுந்தேன். இடது கணுக்கால் வண்டிக்கு அடியில்.

கொள்ளுக்காரிதான் இந்தச் சென்னம்மா. ஓடி வந்து தூக்கினாள். “கண்ணு தெரியலயாடி உனக்கு?” என்றேன். “ரோட்டுமேல போட்டது உன் கண்ணுக்குத் தெரியல, என் கண்ணக் கேக்கறியா?” என்றாள். திட்டிக்கொண்டே ஆட்டோ பிடித்துப் புத்தூரில் கட்டுப் போட அழைத்துப் போனாள். பச்சிலை, முட்டை வெள்ளை, மூங்கில் பத்தை. எலும்பில் சின்னக் கீறலாம். கட்டினவர் சொன்னார்: “பதினஞ்சு நாளைக்குத் தண்ணி மட்டும் படக் கூடாது.”

முழுகாமல் எப்படிச் சத்தியம் பண்ணுவது?

சென்னம்மா மகன் வண்டியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். என் மகன் நம்பர் கேட்டாள். தரவில்லை.

பிப்ரவரி 6

வலது காலில் பலம் வைத்து ஏறினால் ஸ்கூட்டி ஓடத்தான் ஓடுகிறது. சென்னம்மா கட்டின்மேல் பிளாஸ்டிக் கவர் சுற்றி, நூல் போட்டு இறுக்கினாள். “பிடிவாதக்காரி, செத்துத் தொலையாத” என்று வழியனுப்பினாள். கார்வேட்டிநகரம் மலை வளைவுகளில் மெதுவாகப் போனேன். பெனுமூர் வரை மாந்தோப்பு, மரம் தெரியாத அளவுக்குப் பூ. அந்த வாசனையில் கால்வலிகூடப் பாதிதான்.

குளத்துப் படியில் பிரபாகர் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தான். இளைத்துப் போயிருந்தான்.

“இன்னாக்கா கால்ல?”

“உனக்கென்ன. எழுந்து வா, முழுகணும்.”

“கட்டு நனஞ்சிடுமே.”

“அப்ப நீ புடிச்சுக்கோ.”

கீழ்ப்படியில் தண்ணீருக்குள் உட்கார்ந்தேன். அவன் மேல்படியில் உட்கார்ந்து, என் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டாள்: “இன்னா தாத்தா, ஆயாவக் கவுத்துடப் போறியா?” நான் தலையை முக்கி எழுந்தேன். மூக்கெல்லாம் தண்ணீர்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

“போன் வந்துச்சுக்கா.”

“இன்னாடா?”

“உன் பேரு வந்துச்சு. நம்ம பொதுக் கெணத்து மோட்டார் யாருக்கு எந்த நாளுங்கிற சண்டைக்குத்தான் நீ பண்றன்னு போனக் கவுத்துப் போட்டுட்டேன். மூணு வாட்டியும். அப்பறம் ஊரே கேட்டுச்சு, பெத்தவளுக்குக் கொள்ளி வெக்க ஏன் வரலன்னு. நான் இன்னான்னு சொல்லட்டும்?”

காலை இழுத்தேன். “கால வுடுடா” என்றேன்.

“வுட்டா கட்டு நனையும்.”

விடவில்லை. அழுதுகொண்டே பிடித்திருந்தான். நான் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. அம்மா திரும்பி வந்து அவன் கையால் கொள்ளி வாங்கிக்கொண்டு போகப் போகிறாளா?

சொட்டச் சொட்டக் கோயில் வாசலுக்குப் போனோம். அங்கே ஒருத்தர் கேட்டார்: “ப்ரமாணமா, தரிசனமா?”

நான் கிளம்பி வந்ததே சத்தியத்துக்குத்தான். அவனே ஒத்துக்கொண்டான், இனி என் சத்தியத்தில் பழுதே இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலைமுறைக்கும் நான் பொய்க்காரி இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஈர வேட்டியோடு, என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“தரிசனம்” என்றேன்.

வெளியே வந்து அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: பத்துப் பேர் முன்னால் சொன்னதைப் பத்துப் பேர் முன்னால் மாற்றிச் சொல். அதுவரை உன்னோடு பேச்சில்லை.

பிப்ரவரி 7

ஸ்கூட்டியை அவன்தான் ஓட்டினான், நான் பின்னால். நாகலாபுரம்வரை பேச்சில்லை. வாசலில் இறக்கிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினான்.

பிப்ரவரி 23

கட்டுப் பிரித்தாயிற்று. அவனிடமிருந்து போன் வந்தது. எடுத்தேன். பேசவில்லை. அவனும் பேசவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வைத்தான்.

அக்டோபர் 4

இன்று அம்மாவுக்கு வருஷம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். படையல் ஆனதும் பிரபாகர் உட்காரவில்லை. இலைக்கு முன்னால் நின்றபடியே சொன்னான். போன் வந்தது, எடுக்காதது நான், எங்க அக்கா மேல் தப்பில்லை என்று. முழுக்கச் சொல்லி முடித்தான். ரூபா மூக்கை உறிஞ்சினாள்.

பிறகு உட்கார்ந்தான். சிரஞ்சீவி பரிமாற வந்தான். அவன் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு நானே போனேன்.

“சாம்பார் ஊத்தட்டுமாடா?” என்று கேட்டேன்.

“ஊத்துக்கா” என்றான்.