நீங்கள் கடைந்த டிரம்

டிரம்மைத் துடைத்த துணியை இரண்டு முறை துவைத்தும் கிரீஸ் வாசனை போகவில்லை. கொடியில் காய்கிற அதன் பக்கம் போனாலே நீங்கள் வந்து நிற்கிறீர்கள். கிரீஸ்தான் உங்களுக்குச் சர்வரோக நிவாரணி. செம்மண்டலம் வீட்டு கேட், பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள், என் தையல் மெஷின் என்று எதையும் விட்டதில்லை.

இரட்டை உடல் கொண்ட நம் சின்னப் பாய்மரப் படகுக்காக, முன்பாயைச் சுருட்டும் டிரம்மை அண்ணாமலை நகர் பட்டறையில் வேலை முடிந்த பிறகு நீங்களே லேத்தில் கடைந்தீர்கள். சிதம்பரத்தில் பஸ் ஏறி, மடியில் வைத்துக்கொண்டே வந்தீர்கள். "என்ன சார், சாமி சிலையா?" என்று கண்டக்டர் கேட்டதை ஊரெல்லாம் சொன்னீர்கள். பொருத்தியதும் கயிற்றை என்னிடம் நீட்டி, "இழு" என்றீர்கள். அவ்வளவு பெரிய பாய் முன்கம்பியைச் சுற்றி அடக்கமாகச் சுருண்டது. அன்றிலிருந்து சுக்கான் உங்களுக்கு, கயிறு எனக்கு.

போன மாதம் சுக்கான் என் கையில், கயிறு உங்கள் தம்பி கையில். கடலூர் முகத்துவாரத்தில் நுழையும் முன் பாயைச் சுருட்ட வேண்டும். பாதியில் நின்றுவிட்டது. காற்று ஏறிக்கொண்டிருந்தது, எதிரே மணல்திட்டு. இன்னும் பலமாக இழுக்க, தம்பி கயிற்றை வின்ச் உருளையில் சுற்றப் போனார். நீங்கள் சொல்வது ஞாபகம் வந்தது: "கைக்கு வராதது வின்ச்சுக்கு வந்தா, எதையோ ஒடைச்சிகினு வருதுன்னு அர்த்தம்." அவரைத் தடுத்துவிட்டுப் படகைக் கடலுக்கே திருப்பினேன். அங்கே பாயை அவிழ்த்துக் கீழே இறக்கிக் கட்டிவிட்டு, இன்ஜினில் கரை சேர்ந்தோம்.

"கோவிச்சிக்காதீங்க அண்ணி, வித்துடலாம்" என்றார் தம்பி. "அண்ணனும் போய்ட்டாரு. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"டிரம்மப் பிரிச்சிப் பாத்துட்டு சொல்றேன்" என்றேன். படகை விட்டால் எனக்கு வேறென்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை.

பிரித்தால் உள்ளே களி. உங்கள் கிரீஸில் மணலும் உப்பும் ஒட்டி பேரிங் இறுகிக் கிடந்தது. அந்த வகை பேரிங்குக்கு நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினால் போதும், கிரீஸே ஆகாது. நீங்கள் அதையும் பட்டறை மெஷினாக நினைத்துவிட்டீர்கள். முதலில் சிரித்தேன். அப்புறம் அதே துணியால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டேன்.

புது பேரிங் போட்டேன். தடித்த கயிற்றை மாற்றி, மெல்லியதாக ஆனால் உறுதியானதாகக் கோத்தேன். கயிறு கோணலாக நுழைந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியதால், அது நேராக வரும்படி கப்பியையும் நகர்த்தினேன். டிரம்மையும் மாற்றச் சொன்னார் தம்பி. விளிம்பு முழுவதும் விரலால் தடவிப் பார்த்தேன்; தேய்மானமே இல்லை.

"பாசத்துல வெக்கல. நல்லா இருக்குது, அதான் வெக்கறேன்" என்றேன்.

நேற்று அதே முகத்துவாரம். காற்றும் ஜாஸ்திதான். தம்பி வின்ச்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கையாலயே இழுங்க."

இழுத்தார். பாய் முழுசாகச் சுருண்டு கம்பியோடு ஒட்டிக்கொண்டது. கயிற்றைக் கட்டி முடித்தார்.

"படகு கேட்டவங்ககிட்ட விக்கிறதுக்கு இல்லன்னு சொல்லிடறேன் அண்ணி."

நான் திரும்பவில்லை. மணல்திட்டு பக்கத்தில் இருந்தது. அந்த இடத்தில் நீங்களும் யாருக்கும் பதில் சொல்ல மாட்டீர்கள்.

கிரீஸ் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இனி அது வீட்டு கேட்டுக்கு மட்டும், அதுவும் நானே வைக்கிறேன். டிரம் படகிலேயே இருக்கிறது. இவ்வளவு வட்டமாக வேறு எவனாலும் கடைய முடியாது என்று அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொன்னீர்களே, நிஜம்தான்.