செக் சொல்ல முடியாத ஆட்டம்

மார்ச் 3, செவ்வாய்

கோஸ் விலை விழுந்ததுகூடப் பரவாயில்லை. மாமனார் பேச்சுதான் இன்று அறுத்தது. தன் மகனிடம் சொன்னாராம்: "இந்த வீட்ல செஸ் ஆட ஒரு நாதி இல்ல. நான் ஊருக்கே போறேன்."

எந்த ஊருக்கு? சினாபுங் எரிமலை சாம்பல் கக்கியதால் அரசாங்கம் காலி செய்த ஊருக்கு. மாமியார் போன பிறகு அந்த மனிதருக்குச் சாவு பயமே இல்லை. என் வீட்டுக்காரர் புலுங் லாரியோடு மேடான் நகரத்துக்குப் போய்விடுவார். இவரைப் பிடித்து வைப்பது என் தலையில்.

சரி, நானே கற்றுக்கொள்கிறேன். தெருவோரம் கூறு கட்டி விற்றவள் காய்கறி மண்டியே வைத்துவிட்டேன். இது என்ன பெரிய வித்தை?

மார்ச் 5

வித்தைதான்.

மருமகளும் மாமனாரும் நேருக்கு நேர் பேசக் கூடாது, ஒரே பாயில் உட்காரக் கூடாது, கைக்குக் கை எதுவும் வாங்கக் கூடாது. எங்கள் ரெபு வழக்கம் அப்படி. அதனால் இரண்டு பாய், நடுவே பெஞ்சில் பலகை, பக்கத்தில் காபிக் கெண்டி. அவர் பாடம் நடத்துவது கெண்டிக்கு.

"ஏ கெண்டி, சிப்பாய் நேரா ஒரு கட்டம் போவான். முதல் தடவை வேணும்னா ரெண்டு. வெட்டும்போது மட்டும் குறுக்க. பின்னால திரும்பவே மாட்டான். விலையைச் சொல்லிட்டு மாத்துறதுக்கு அவன் என்ன கோஸ் யாவாரியா?"

"கெண்டி, யாவாரம் தெரியாதவங்க அதைப் பத்திப் பேச வேணாம்னு சொல்லு" என்றேன்.

மார்ச் 6

குதிரை. இரண்டு நேராக, ஒன்று பக்கமாக. நடுவில் எது இருந்தாலும் தாண்டும். கோட்டை தாண்டாது, ராணியே தாண்டாது, இது மட்டும் ஏன்? "குதிரைன்னா தாண்டும், கெண்டி." இதற்குப் பெயர் பதிலா?

தோல்வி. தோல்வி. தோல்வி.

மார்ச் 10

இன்று அவர் ராஜாவுக்கு என் குதிரை குறி வைத்தது. "செக்" என்று அவர் முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்ல? சும்மா இருந்தேன். அவர் கவனிக்காமல் வேறு காயை நகர்த்தினார். ராஜாவை எடுக்கப் போனேன்.

"ராஜாவை யாரும் வெட்டுறதே கிடையாது. தப்பிக்க வழியில்லன்னா அத்தோட ஆட்டம் முடிஞ்சுது. அதுவும் எங்க காபிக்கடையில சொல்லாத செக் செக்கே இல்ல, கெண்டி."

"சொல்லவே விடாத வழக்கத்தை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றதாம், கெண்டி?"

காபியை உறிஞ்சினார். பிறகு, "பெஞ்சைத் தட்டினாப் போதும்" என்றார். அதற்குள் காய்களைக் கலைத்துவிட்டார். நான் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம்!

மார்ச் 13

மாமனார் பூட்ஸைத் தேடுகிறார். அதை என் மண்டியில் ஒளித்து வைத்திருக்கிறேன். வெளிக்கதவுச் சாவி என் இடுப்பில். இவரை ஏற்றக் கூடாதென்று எல்லா டிரைவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

"அப்பாவை ஜெயில்லயா வச்சிருக்க?" என்கிறார் புலுங்.

"உசுரோட வச்சிருக்கேன்."

மார்ச் 15, ஞாயிறு

அவர் காய்களை எல்லாம் வெட்டிவிட்டேன். மூலையில் தனி ராஜா. என் ராணியைக் கொண்டுபோய் எல்லா வழியையும் அடைத்தேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவர் சிரித்தார். "கெண்டி, இப்ப ராஜாவுக்கு செக் இல்ல. ஆனா காலெடுத்து வைக்க ஒரு கட்டமும் இல்ல. அப்ப ஆட்டம் சமம்."

"ஒத்தக் காய் இல்லாத ஆளுக்குச் சமமா?"

"அடைச்சு வைக்கிறது ஜெயிக்கிறது ஆகாது."

பூட்டிய கதவைப் பார்த்துச் சொன்னாலாவது சண்டை போட்டிருப்பேன். கெண்டியைத்தான் பார்த்தார். எனக்குத்தான் சுருக்கென்றது.

என்ன எழவு விதி இது. விடிகாலை மூன்று மணி சந்தைக்குப் போகணும், தூக்கமே வரவில்லை.

மார்ச் 16

அந்த ஊருக்கு முன்னால் ஓடும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவருடைய காபித் தோட்டம் இருக்கிறது. அதுவரை பகலில் போக அனுமதி உண்டு. டிரைவர் தெர்கெலினிடம் சொன்னேன்: காலையில் அவரை மேலே தோட்டத்தில் இறக்கிவிடு, சாயந்திரம் கூட்டிக்கொண்டு வா.

"வரமாட்டேன்னு உக்காந்துட்டா என்ன பண்றது, அக்கா?"

"எனக்கென்னடா தெரியும்?"

பூட்ஸை அவர் பாயருகே வைத்துவிட்டு நகர்ந்தேன். பைத்தியக்காரத்தனம். கட்டாயம் ஊருக்கு ஏறிவிடுவார்.

மார்ச் 17

இருட்டும்வரை லாரி வரவில்லை. தக்காளி எடையில் இருமுறை தப்பு செய்தேன். கடைசியில் வந்தது. டிரைவர் பக்கத்து இருக்கை காலி.

மாமனார் லாரியின் பின்னால் இருந்து இறங்கினார், கையில் ஒரு சாக்கு. அதற்குள் தோட்டக் குடிசையில் விட்டிருந்த சேவல். "முன்னால உக்காந்தா இது கத்துதாம், அக்கா" என்றான் தெர்கெலின். அதை எங்கள் சமையற்கட்டு வாசலில் கட்டிப்போட்டுவிட்டுக் கால் கழுவப் போனார்.

இது கூவுகிற கூவலில், சந்தைக்கு எழுமுன் கண்ணசருகிற அந்தக் கொஞ்ச நேரமும் இனி போச்சு.